வெயில் வருது, ஜன்னலை மூடு

1

நேற்று எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் குளிர்கால உடுப்பு மாட்டி முடித்தோம். சிரிக்காதீர்கள். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, ஜன்னலுக்கு எதற்கு உடுப்பு என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்காட்லாந்தில் டண்டீ என்கிற இந்த ஊருக்கு வந்து, பனிக்காலத்தில் நன்றாக நடுங்கி முடித்த பிறகுதான் புத்தி வந்தது.

அலமாரி மேலிருந்து அட்டைப்பெட்டியை இறக்கினோம். போன வருஷம் மிச்சமான பிளாஸ்டிக் தாள், ஸ்பாஞ்ச் டேப், ஒரு ஹேர் டிரையர். அடியில் சுருண்டு படுத்திருந்தது நீளமான ஒரு துணிப் பாம்பு. அதைக் கையில் எடுத்ததும் மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சேகர் பார்த்துவிட்டார்.

"இன்னா, ஆரம்பிச்சிட்டியா? ஜல்தி குடு, காத்து வருது."

இந்த மனுஷனுக்கு மனசில் ஒன்றும் ஓடாது என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் அந்தப் பாம்புக்குள்தான் இருக்கிறது. ஒரு வருஷம் ஆகப்போகிறது. எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

நான் வளவனூர்க்காரி. பெயர் கலைச்செல்வி, எல்லோருக்கும் கலா. விழுப்புரத்தில் நர்சிங் படித்து, அங்கேயே சில வருஷம் வேலை பார்த்துவிட்டு, இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக வந்தேன். சேகருக்குக் கிளியனூர். மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையும் கரும்பும் போடுகிற குடும்பம், சொந்த நிலம். நான் வந்து சில மாதம் கழித்து அவரும் எங்கள் மகள் மகிழினியும் வந்து சேர்ந்தார்கள். மகிக்கு அப்போது ஆறு வயது.

எங்களுக்குக் கிடைத்தது பழைய கல் கட்டடத்தில் ஒரு வாடகை வீடு. ஆள் உயரத்துக்கு ஜன்னல், மரச் சட்டம், ஒற்றைக் கண்ணாடி. வந்த முதல் நாள் ஜன்னலைப் பார்த்து அப்படியே மயங்கிவிட்டேன். போட்டோ எடுத்து ஊரில் ஒருத்தர் விடாமல் அனுப்பினேன். வளவனூரிலிருந்து என் அம்மா, "அரமன மாதிரி இருக்குதுடி" என்றாள். அரண்மனைதான். அரண்மனையில் இருந்தவர்கள் எப்படி நடுங்கினார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐப்பசி பிறந்ததும் ஆரம்பித்தது. ஜன்னல் மூடியிருக்கும், திரைச்சீலை ஆடும். காலையில் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் வழிந்து கட்டையில் தேங்கி நிற்கும். ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், வீடு சூடாகாது. வயிற்றெரிச்சல்தான் சூடாக இருந்தது. மகி பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டு வந்த வார்த்தையை வீடெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்: "டாட், இட்ஸ் பால்டிக்!" அது இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கடுங்குளிருக்குச் சொல்கிற வார்த்தை என்று வேலையிடத்தில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கிளியனூரில் அப்பா அப்பா என்று காலைச் சுற்றின பெண் டாட் என்கிறாள் என்பதில் சேகருக்கு ஏற்கெனவே ஒரு குறை. அந்த டாட்டும் குளிர் வார்த்தையும் சேர்ந்து வந்தால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்கணும்.

பிறகு இருமல் வந்தது. ராத்திரியெல்லாம் லொக்கு லொக்கென்று இருமுவாள். டாக்டரிடம் காட்டினோம். நெஞ்சில் பயப்படும்படி ஒன்றும் இல்லை, பிள்ளை படுக்கிற அறை கதகதப்பாக, ஈரம் இல்லாமல் இருக்கணும் என்றார். நல்ல மனுஷன்தான். ஆனால் அந்த அறையைத் தரச்சொல்லி அவரிடம் கேட்க முடியுமா?

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் சேகர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்.

"கலா, நான் யோசிச்சிட்டேன். பொங்கல் வரைக்கும் பாப்பேன். இருமல் நிக்கலன்னா நானும் புள்ளையும் ஊருக்குப் போயிடறோம். நீ இங்க வேலைய பாத்துக்கினு இரு."

"நான் மட்டுமா?"

"வேற இன்னா பண்றது? வேலைய உட்டுட்டு வர முடியுமா உன்னால? புள்ளைய இப்பிடி வாட்டிக்கினு இருக்க என்னால முடியாது."

கோபத்தில் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிதானமாகச் சொன்னார். திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மகிக்கு இடம் கேட்டு வைக்கச் சொல்லி அவர் தம்பி ரவியிடம் பேசியும் விட்டார். மறுநாளே இரண்டு சூட்கேஸ் பரணிலிருந்து இறங்கி வாசல் கதவுக்குப் பக்கத்தில் நின்றன. தினமும் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவற்றைத் தாண்டித்தான் போகணும். அந்தப் பெட்டிகளை நான் எப்படி வெறுத்தேன் தெரியுமா?

3

வீட்டை வாடகைக்கு விட்ட ஏஜென்சிக்கு மெயில் போட்டேன். இது பாதுகாக்கப்பட்ட பழைய கட்டடம், ஜன்னலை மாற்ற அனுமதி வேண்டும், உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. அடுத்த மெயிலுக்கும் அதே பதில், வேறு ஒருவர் பெயரில். கடைசியில் ஒரு ஆள் நேரில் வந்தார். சுவரில் படிந்த கரும்பூஞ்சையைத் தொடாமல் எட்ட நின்று பார்த்தார். வீட்டுக்குள் துணி காயவைக்கிறீர்களா, நிறைய சமைப்பீர்களா என்று கேட்டார். மழையும் பனியும் கொட்டுகிற ஊரில் துணியை எங்கே காயவைப்பேன், உன் தலையிலா என்று கேட்க வாய் வந்தது. "யெஸ், வி குக்" என்று மட்டும் சொன்னேன். அனுமதி வரும்போது வரட்டும், அதுவரைக்கும் நம் கையே நமக்கு உதவி என்று முடிவு பண்ணினோம்.

முதல் வைத்தியம் சேகருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மைதா மாவில் பசை காய்ச்சி, மகி அறைக் கண்ணாடி முழுக்க நியூஸ்பேப்பர் ஒட்டினார். நம் பக்கத்தில் மாடி வீட்டு ஜன்னல்களில் சித்திரை வெயிலுக்கு ஒட்டுவோமே, அதே மாதிரி. ஒட்டிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று, "எப்பிடி?" என்றார். ஒரு வாரத்தில் மைதாப் பசைக்கு ஈரம் சேர்ந்து பேப்பர் முழுக்கப் பச்சையும் கறுப்புமாகப் பூத்துவிட்டது. தோசை மாவுகூட அவ்வளவு வேகமாகப் பொங்கி நான் பார்த்ததில்லை. சுரண்டி எடுக்க ஒரு நாள் முழுக்க ஆனது. ரவி வீடியோவில் பார்த்துவிட்டு, "அண்ணி, அண்ணனுக்கு விவசாயம் மறக்கலன்னு காட்டுது பாருங்க" என்றான். சேகர் போனைப் பிடுங்கி வைத்துவிட்டார்.

அந்தப் பேப்பரில் இன்னொரு தப்பும் இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது அது தெரியவில்லை.

4

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவதை நான் விட்டதில்லை. தணலுக்கு இங்கே வழியில்லை, கப் சாம்பிராணிதான். சமையலறைப் புகைமணி அலறும் என்பதால் கதவைச் சாத்திவிட்டு மற்ற அறைகளில் மட்டும் காட்டுவேன். அந்த வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக் காட்டிவிட்டு மகி அறைக்குப் போனேன். புள்ளைக்குச் சளி, கொஞ்சம் புகை காட்டலாம் என்று இல்லை, இருமுகிற பிள்ளைக்குப் புகை காட்டுகிற அளவுக்கு நான் மக்கு நர்ஸ் இல்லை. அவள் கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அறைக்கும் ஒரு சுற்று காட்டணும், அவ்வளவுதான்.

ஜன்னலுக்குப் பக்கத்தில் போனதும் புகை மேலே போகவில்லை. யாரோ ஊதுவது மாதிரி என் முகத்துக்கு நேரே திரும்பி அடித்தது. கையைக் கீழே இறக்கினேன், இன்னும் வேகமாக அடித்தது. சட்டத்தின் இடது மூலையில், கட்டையும் சுவரும் சேருகிற இடத்தில், விரல் நுழைகிற பிளவு. மேலும் கீழும் ஏறி இறங்குகிற இரண்டு கண்ணாடிச் சட்டம் வைத்த ஜன்னல் இது. நடுவில் அவை சந்திக்கிற இடத்திலும் புகை துடித்தது.

"ஏங்க! இங்க வாங்க, ஜல்தி!"

சேகர் ஓடிவந்தார். நான் சாம்பிராணி காட்டிக்கொண்டே போக, அவர் பின்னாலேயே மகியின் சாக்பீஸை வைத்துக்கொண்டு, புகை திரும்புகிற இடத்திலெல்லாம் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மகிக்கு ஒரே குஷி. வீட்டுக்கே ஊசி போட இடம் குறிக்கிறோம் என்று அவளிடம் சொன்னேன்.

மறுநாள் ரிப்பேர் சாமான் விற்கிற கடைக்குப் போனோம். குளிர் நாடுகளில் இருக்கிற நம் ஆட்கள் யாராவது படித்தால் உபயோகப்படட்டும் என்று சொல்கிறேன். மொத்தச் செலவு குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே பிரியாணி சாப்பிடுகிற அளவுகூட இல்லை. பிளவுக்கெல்லாம் ஸ்பாஞ்ச் டேப். ஒரு பக்கம் ஒட்டும், ஜன்னலை இறக்கினால் அமுங்கி அடைத்துக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்னால் கட்டையை நன்றாகத் துடைத்துக் காயவைக்கணும், இல்லாவிட்டால் மறுநாளே நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும். கண்ணாடிக்கு, பார்சலில் சுற்றி வருமே, நசுக்கினால் பட் பட்டென்று வெடிக்கிற பிளாஸ்டிக் தாள், அது போதும். எங்கள் முதியோர் இல்லத்துக்கு வருகிற பெட்டிகளில் மூட்டை மூட்டையாக வரும், கேட்டு வாங்கி வந்தேன். கண்ணாடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து, குமிழ் இருக்கிற பக்கம் கண்ணாடியில் படும்படி வைத்து அழுத்தினால் பசையே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். மகிக்குக் கை எட்டுகிற உயரம் வரை ஒரு குமிழ்கூட மிஞ்சவில்லை என்பது வேறு கதை.

கூடத்து ஜன்னலுக்கு மெல்லிசான கண்ணாடித் தாள். சட்டத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப் போட்டு, தாளை ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டினால் சுருக்கமெல்லாம் போய் மேளத் தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். முதல் தாளில் சேகர் டிரையரை ஒட்டி வைத்துப் பிடித்து ஓட்டையே போட்டுவிட்டார். இரண்டாவது தாளுக்கு டிரையரை நான் வாங்கிக்கொண்டேன். வேகத்தில் அவர் சமையலறைச் சுவரில் இருக்கிற காற்றுத் துளையையும் டேப் போட்டு அடைக்கப் போனார். கேஸ் எரிகிற இடத்தில் அதை அடைத்தால் மூச்சையே அடைத்துவிடும் என்று நான் போட்ட கூச்சலில் கீழ்வீட்டு அம்மா மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

திரைச்சீலை ஆடுவது நின்றது. அப்பாடா என்று இருந்தது. இருமல் குறைந்தது, ஆனால் போகவில்லை. காலையில் நான் கிளம்பும்போது வீடு சுமாரான சூட்டில் இருக்கும், சாயந்தரம் திரும்பினால் மறுபடியும் சில்லென்று கிடக்கும். எங்கே போகிறது இந்தச் சூடு? எனக்குப் பேஜாராக இருந்தது. பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் சூட்கேஸ்கள் அப்படியே நின்றன. சின்னப் பெட்டியில் மகியின் ஊர்ச் சட்டைகள் ஏறிவிட்டன. பெரிய பெட்டியில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புது வேட்டி, மயில்கண் கரை போட்டது. திண்டிவனத்தில் இறங்கும்போது கட்டிக்கொள்ள எடுத்து வைத்தது.

5

நம் பக்கத்து ஆட்களிடம் ஒரு பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள். பஸ்ஸில் ஏறினால் சீட்டைப் பார்ப்பதற்கு முன் வெயிலைப் பார்ப்போம். காலையில் திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற வண்டியில் வலது பக்கம், சாயந்தரம் திரும்புகிற வண்டியிலும் வலது பக்கம். யாரும் சொல்லித்தர வேண்டாம். நின்றாலும் நிற்போமே தவிர வெயில் பக்கம் உட்கார மாட்டோம். வீட்டிலும் அப்படித்தான். சித்திரை வைகாசியில் காலைச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல், கதவு, திரை எல்லாம் மூடிவிட வேண்டும். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் விரியத் திறந்து போட வேண்டும், சூடு வெளியே போக.

கிறிஸ்துமஸ் லீவில் மகி வீட்டில் இருந்தாள். சேகருக்குச் சாயந்தரத்துக்கு மேல்தான் கிடங்கில் வேலை, பகலெல்லாம் அவர்தான் அவளுக்குத் துணை. நான் பனிக்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறவள். என் வீடு பகலில் எப்படி இருக்கும் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு இல்லத்தில் நடக்க இருந்த ஒரு பயிற்சி வகுப்பை ரத்து செய்துவிட்டு எங்களை மதியமே அனுப்பிவிட்டார்கள்.

நல்ல வெயில். இங்கே பனிக்கால வெயில் தலைக்கு மேலே ஏறாது. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஜன்னலுக்கு நேரே நின்று எட்டிப் பார்க்கும். தெருவில் நின்று மேலே பார்த்தேன். எல்லா வீட்டிலும் திரைகள் ஒதுங்கியிருந்தன, எங்கள் வீட்டில் மட்டும் துக்க வீடு மாதிரி இறுக்க மூடியிருந்தது. பிள்ளைக்கு என்னவோ ஏதோ என்று படியேறி ஓடினேன்.

உள்ளே கும்மிருட்டு. லைட்டைப் போட்டுக்கொண்டு அப்பாவும் பெண்ணும் ஒரே போர்வைக்குள் மூக்கு மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தார்கள். நான் நேரே போய்த் திரையைப் பிடித்துச் சர்ரென்று இழுத்தேன்.

வெயில் கூடம் முழுக்க வந்து விழுந்தது. சேகர் போர்வையை உதறிவிட்டு எழுந்து கத்தினார்.

"ஏய்! வெயில் வருது, ஜன்னல மூடு!"

கத்தின வாய் மூடவில்லை. அப்படியே நின்றார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். மகி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "டாட், வெயில் வந்தா நல்லதுதானே?" என்று கேட்டாள். டாட்டைத் தவிர மற்றதெல்லாம் சுத்தமான தமிழ், அது ஒரு ஆச்சரியம்.

"தினமும் இப்பிடித்தான் மூடி வெக்கிறீங்களா?"

"காலீல எய்ந்ததும் மூடிடுவேன்."

"எப்போ தொறப்பீங்க?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "வெளக்கு வெக்கிற நேரம். புள்ள ரூமு ஜன்னலயும் கொஞ்சம் தூக்கி உடுவேன். சூடு வெளிய போவட்டும்னு."

எனக்குச் சிரிப்பு வந்தது பாருங்கள், அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு கடல் தாண்டி வந்து, ஹீட்டருக்குக் கொட்டி அழுது, விரிசல் விரிசலாகத் தேடி அடைத்து, சும்மா வருகிற வெயிலை முதலில் பேப்பராலும் பிறகு திரையாலும் மூடி வைத்துவிட்டு, சேர்த்து வைத்த சூட்டைச் சாயந்தரம் ஜன்னல் வழியாக வழியனுப்பி வைத்திருக்கிறது இந்தக் கிளியனூர்! கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்த சேகரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்தே இரண்டு மாதம் இருக்கும். மூன்று பேரும் தரையில் அந்த வெயில் கட்டத்துக்குள் உட்கார்ந்து, அது நகர நகர நாங்களும் நகர்ந்து, மிச்சமிருந்த கேப்பைப் புட்டைச் சாப்பிட்டு முடித்தோம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றுதான்: ஊரில் செய்ததற்கு நேர்மாறாகச் செய். வெளிச்சம் வந்ததும் திரையை ஒதுக்கு. வெயில் இறங்குவதற்கு முன் இறுக்கி மூடு. குழம்புச் சட்டியை மூடிச் சமை. உச்சி வேளையில் மட்டும் சற்று நேரம் மகி அறை ஜன்னலைத் திறந்து ஈரத்தை வெளியேற்று. இன்றைக்கும் டவுன் பஸ்ஸில் ஏறினால் சேகர் முதலில் வெயிலைத்தான் பார்ப்பார். இப்போது அந்தப் பக்கமாகப் பார்த்து உட்காருகிறார்.

6

மார்கழி முடிய சில நாள் இருக்கும்போது ஒரு விடியற்காலை எனக்கு விழிப்பு வந்தது. என்னவோ குறைகிற மாதிரி இருந்தது. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது, மகி இருமவே இல்லை. பயந்துபோய் அவள் அறைக்கு ஓடி மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்தேன். நர்ஸ் புத்தி. சூடான மூச்சு விரலில் பட்டது. போர்வையை ஒரு பக்கம் உதைத்துத் தள்ளிவிட்டு, கிளியனூர் மாடியில் படுத்திருப்பவள் மாதிரி கையைக் காலை விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலோரம் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு லேசாக நான் எப்போது இருந்தேன் என்று ஞாபகம் இல்லை.

ஆனால் சேகர் வாயைத் திறக்கவில்லை. டிக்கெட் போட்டாரா, போடவில்லையா? ரவியிடம் பேசினாரா? கேட்க எனக்குப் பயம். கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாரே. தினமும் சூட்கேஸைத் தாண்டிப் போனேன், தாண்டி வந்தேன்.

போகி அன்றைக்கு வேலை முடிந்து வந்தேன். இங்கே தெருவில் போட்டு எரித்தால் தீயணைப்பு வண்டி வந்துவிடும், அதனால் பழசைக் கழிப்பதோடு சரி. மகி அறையில் சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தேன். சேகர் தரையில் உட்கார்ந்து ஊசி நூலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகி கிழிந்த கம்பளிச் சட்டைகளையும் ஜோடி போன சாக்ஸ்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, அவர் ஒரு நீளத் துணிக்குழாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, பாம்பு! ஜன்னலுக்குக் கீழ படுக்கும்" என்றாள் மகி.

அந்த ஜன்னலின் அடிக்கட்டை வளைந்து போனது. ஸ்பாஞ்ச் டேப் போட்டும் ஒரு ஓரம் மட்டும் அடங்காமல் ஊதிக்கொண்டே இருந்தது. அதற்குத்தான் பாம்பு. நல்ல யோசனை என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் துணியின் ஓரத்தைப் பார்த்தேன். மயில்கண் கரை.

திரும்பி வாசலைப் பார்த்தேன். வந்த வேகத்தில் கவனிக்கவில்லை. கதவோரம் காலியாக இருந்தது. சூட்கேஸ் இரண்டும் பரணுக்குப் போயிருந்தன.

"ஏங்க, போகிக்குப் பழசத்தான கழிப்பாங்க? இது புது வேட்டி."

"கெட்டித் துணி. காத்து பூராது."

நான் கரையை விரலால் தடவினேன். "அப்போ திண்டிவனத்துல இன்னாத்த கட்டிக்கினு எறங்குவீங்க?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பாம்பை ஜன்னல் கட்டையில் நீட்டிப் படுக்கவைத்து, உள்ளங்கையை அதன் மேலே வைத்துக் காற்று வருகிறதா என்று பார்த்தார்.

"எறங்கறப்போ பாத்துக்கலாம். நீ மொதல்ல வாசக் கதவ மூடு. காத்து வருது."

போய் மூடினேன்.